பனலுக்கு முதல் பில்லைப் பார்ப்போம்

செங்கலடி, கொம்மாதுறை தாண்டி வந்தாறுமூலைக்கு வரும்போது ரோட்டின் இரண்டு பக்கக் கூரைகளையும் பார்த்துக்கொண்டு வாங்க. மாடி வீடு, கடை எண்டு சில கூரைகளில் சோலார் பனல் மின்னும். பக்கத்திலேயே தகரக் கூரை, சீற்றுக் கூரை. அதுகளில் ஒண்டும் இராது. வெயில் எல்லாருக்கும் ஒரேமாதிரித்தான் அடிக்குது. சோலார் மட்டும் ஏன் ஒரு பக்கமாப் போச்சு? இந்தக் கேள்வியோடதான் நாங்கள் பழைய சட்டங்களையும் கட்டணப் பட்டியல்களையும் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

வாசித்ததில் முதல் ஆச்சரியம் இது: இலங்கையில் சோலார் பரவலாகப் போனது முதலில் ஏழை வீடுகளுக்குத்தான். 1990களின் பின்பகுதியில், உலக வங்கிக் கடன் உதவியோடு, மின்கம்பி போகாத கிராமங்களுக்குச் சின்னச் சின்ன சோலார் தொகுதிகள் வந்தன. 2011 இல் அந்தத் திட்டங்கள் முடியும்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை அவை எட்டியிருந்தன. கூரையில் ஒரு சின்னப் பனல், கீழே ஒரு பற்றறி. இரவில் நாலஞ்சு பல்பும் ஒரு கறுப்பு வெள்ளை ரீவியும் ஓடும், அவ்வளவுதான். ரீவி கூட நேரம் ஓடினால் பிள்ளை படிக்க வெளிச்சம் இராது. அதனால் எந்த பல்ப், எத்தனை மணித்தியாலம் எண்டு வீட்டில் எல்லாருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு 'வலுக் கணக்காய்வு' எண்டு பெரிய பேரில் சொல்லுறதும் இதைத்தான். வீட்டுக்குள் வரும் கறண்ட் எதுக்கு, எவ்வளவு செலவாகுது, எதைக் குறைக்கலாம் எண்டு அளந்து பார்ப்பது.

அரசுக்கும் இது புது விசயமில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1985 இலேயே வலுப் பேணல் நிதியச் சட்டம் வந்தது. 2007 இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு வலு அதிகாரசபை உருவானது. வலுக் கணக்காய்வாளர்களை அங்கீகரிக்கவும் அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கணக்காய்வு எண்டால் தொழிற்சாலை, ஹோட்டல், பெரிய கட்டடம் எண்டே எண்ணம் போனது. சோலார் வீட்டுக் கூரைக்கு வந்தபோது, அளந்து பார்க்கும் பழக்கம் கூட வரவில்லை.

2010 இல் 'நெற் மீற்றரிங்' வந்தது. பகலில் மிஞ்சுற கறண்டை மின்சார சபைக்குக் கொடுத்து, இரவில் திருப்பி எடுக்கலாம். 2016 செப்டம்பரில் 'சூரிய பல சங்ராமய' திட்டம் வந்தது. இலக்கு பத்து லட்சம் கூரைகள். மிஞ்சுற அலகுக்கு முதல் 7 வருசம் 22 ரூபாய், பிறகு 13 வருசம் 15.50 ரூபாய் காசாகவே கிடைக்கும் எண்டார்கள். 2017 இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 5 கோடி டொலர் கடன் கொடுத்தது.

இனி அந்த நேரத்துக் கட்டணத்தைப் பாருங்க. மாதம் 30 அலகு பாவிக்கிற வீடு ஓர் அலகுக்குக் கட்டியது 2.50 ரூபாய். 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகு ஒவ்வொண்டும் 45 ரூபாய். ஏசி ஓடுற வீட்டுக்குப் பனல் மிச்சப்படுத்தியது அந்த 45 ரூபாயை. சின்ன வீடும் கறண்டை விற்கலாம்தான். ஆனால் பனல் போட லட்சக் கணக்கில் முதல் வேணும். ஆக, கூடச் செலவழிக்கிற வீட்டுக்கே கூட லாபம். "முதலில் செலவைக் குறைச்சிட்டு வாங்க" எண்டு திட்டம் யாரிடமும் கேட்கவில்லை.

மறுகா 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது; 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம். வசதி உள்ளவர்கள் சோலாருக்கு ஓடினார்கள். பற்றறி இல்லாத பனல், வெளியில் கறண்ட் போனால் தானும் நிண்டுபோகும் எண்டது பலருக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடே இருண்டது. கோளாறு தொடங்கியது பாணந்துறை உபமின்நிலையத்தில். தேவை குறைந்த விடுமுறைப் பகலில் சோலாரின் பங்கு கூடியிருந்ததால் வலையமைப்பு அதைத் தாங்கவில்லை எண்டு மின்சார சபை விளக்கம் சொன்னது. ஏப்ரலில், புத்தாண்டு நாட்களில், கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வையுங்க எண்டு வேண்டுகோளே வந்தது. மக்களைப் போடச் சொன்ன நாடு, ஒன்பது வருசத்தில் நூத்து வைக்கச் சொன்னது.

வேறு நாடுகள் முதலிலேயே கேட்டன. கலிபோர்னியாவில் 2007 இல் தொடங்கிய சோலார் மானியத்துக்கு, ஏற்கனவே கட்டிய வீடுகள் வலுக் கணக்காய்வு செய்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதில் சொன்னதைச் செய்தே ஆகவேணும் எண்டு இருக்கவில்லை; பலருக்கு அது வெறும் படிவமாக இருந்தது. பிரித்தானியாவில் 2012 ஏப்ரல் முதல், வலுச் சான்றிதழில் குறைந்தது 'டி' தரம் இல்லாத கட்டடத்துக்கு முழு விலை கிடைக்கவில்லை. திருத்தக் காசில்லாத பழைய வீட்டுக்காரருக்கு அது மூடின கதவாக இருந்தது.

ஆக, கணக்காய்வு வேணும் எண்டு நாங்கள் சொல்லும்போது இன்னொரு கட்டணத்தையோ, கந்தோருக்கு இன்னொரு அலைச்சலையோ கேட்கவில்லை. அது இலவசமாக இருக்க வேணும். ஊர்ப் பிள்ளைகளைப் பயிற்றி அவர்களே செய்ய வேணும். குறைக்கச் சொன்னதைக் குறைக்க ஏழை வீட்டுக்குக் காசும் கிடைக்க வேணும். மானியம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

ஒரு கணக்குச் சொல்லுறம். 75 வாற்றுப் பழைய மின்விசிறி நாலு, தினம் 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 90 அலகு. 30 வாற்றுப் புது விசிறி நாலுக்கு 36 அலகு. மிச்சம் 54. எங்கட வெயிலில் 1 கிலோவாற்றுப் பனல் மாதம் சுமார் 110 அலகு தரும். விசிறியை மாற்றினால் அரைக் கிலோவாற்றுப் பனல் போட்ட மாதிரி. கூரை பலமாக இருக்க வேணும் எண்டும் இல்லை.

இந்த மாதப் பில் வந்ததும் எடுத்து வையுங்க. வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானிலும் எத்தனை வாற்று எண்டு எழுதியிருக்கும். குறிச்சு, ஓடுற நேரத்தால் பெருக்கிப் பாருங்க. நாங்களும் எங்கட வீடுகளில் இருந்துதான் தொடங்குகிறோம்.