பெயர் பிழைத்த கிருமி



காலை மக்தபில் ஏழு வயதுப் பிள்ளை ஒருவன், பெயர் சொல்லி அழைத்தாலும் சில வாரங்களாகத் திரும்பிப் பார்க்காதிருந்தான். ஓதிக் கொடுத்த சபக்கையும் பிழையாகவே திருப்பிச் சொன்னான். கவனமில்லாதவன் என்று முடிவு கட்டினோம். இருமுறை கடிந்தும் கொண்டோம். பின்னர் அவனுடைய உம்மா வந்து, சளிக்காய்ச்சலுக்குப் பிறகு அவன் நடுச்செவியில் நீர் தேங்கியிருப்பதாக மருத்துவர் கூறியதைத் தெரிவித்தார். குறை அவன் செவியில் இருந்தது. நாமோ அதை அவன் குணத்தின் மீது சுமத்தியிருந்தோம். அந்த வெட்கமே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் ஒரு மெல்லிய குழல் இணைக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் ஏறக்குறைய கிடைமட்டமாகவும் அமைந்திருப்பதால், சளி பிடிக்கும் காலத்தில் மூக்கிலுள்ள கிருமிகள் எளிதில் செவியை எட்டிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையான பாக்டீரியாக்கள் மூன்று: நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே, மொராக்செல்லா கேட்டராலிஸ். நிமோகாக்கஸை 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். இரண்டாவது கிருமியின் வரலாற்றில்தான் நமக்கான பாடம் இருக்கிறது.

1889இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரைத் தாக்கிய இன்ஃபுளூயன்சா காய்ச்சல், சில மாதங்களில் உலகையே சுற்றி வந்தது. பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், நோயாளிகளின் சளியில் மிகச் சிறிய கோல் வடிவக் கிருமியைக் கண்டார். அக்காய்ச்சலுக்குக் காரணம் இதுவே என்று 1892இல் அறிவித்தார். அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். கிருமி அங்கே இருந்ததும் உண்மையே. ஆயினும் களவு நடந்த வீட்டில் இருந்தவன் என்பதாலேயே ஒருவன் கள்வனாகிவிடுவதில்லை.

1918இல் மீண்டும் அக்காய்ச்சல் உலகைச் சூறையாடியபோது ஐயம் எழுந்தது. நோயாளிகள் பலரிடம் அக்கிருமி காணப்படவில்லை. நலமாக இருந்தோர் சிலரின் தொண்டையிலோ அது காணப்பட்டது. இறுதியில் 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் நோயாளியின் தொண்டை நீரை வடித்து, ஃபெரட் எனப்படும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் விட்டனர். விலங்கு நோயுற்றது. காரணம் வைரஸ் என்பது தெளிவாயிற்று. ஒரு பிழை திருந்த 41 ஆண்டுகள் ஆயின. ஆனால் கிருமிக்கு இட்ட பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

இதற்கிடையே 1931இல் நியூயார்க்கில் மார்கரெட் பிட்மன் என்னும் பெண் அறிஞர், இக்கிருமியில் உறை உள்ளவை, உறை இல்லாதவை என இரு பிரிவுகள் இருப்பதை வெளிப்படுத்தினார். உறையுள்ள ‘பி’ வகை, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் கொடியது. 2011 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் அரசு வழங்கிவரும் பென்டாவேலன்ட் தடுப்பூசி அதனைத் தடுக்கிறது. செவியைத் தாக்குவதோ பெரும்பாலும் உறையற்ற பிரிவு. அதனை அத்தடுப்பூசி தடுப்பதில்லை. நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி, செவி நோயின் ஒரு பகுதியைக் குறைக்கிறது. ஆகவே, தடுப்பூசி போட்ட பிள்ளைக்குக் காது வலிக்காது என எண்ணிவிடலாகாது. காது வலித்துவிட்டதே எனத் தடுப்பூசியைக் குறை கூறுவதும் முறையன்று.

ஹதீஸ் கலை பயின்றோர் ஓர் உண்மையை அறிவர். ஒரு செய்தியைப் பலர் சொல்வதாலோ, பெரியவர் ஒருவர் சொல்வதாலோ மட்டும் முஹத்திஸ்கள் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். நோயின் காரணத்தைத் தேடுவதிலும் பிள்ளையின் பிழைக்குக் காரணம் தேடுவதிலும் அதே நிதானம் வேண்டும்.

எனவே பெற்றோருக்கும் நம்மைப் போன்ற உஸ்தாதுகளுக்கும் சில சொற்கள். காது வலிக்கும் பிள்ளைக்கு எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். சென்ற முறை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக் கொடுக்காதீர்கள்; இக்கிருமிகளுள் சில, மருந்தையே சிதைக்கும் நொதியைச் சுரக்கின்றன. மருந்து வேண்டுமா, எது, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். வலி தீர்ந்த பின்னும் செவியில் நீர் சில வாரங்கள் தங்கக்கூடும். அந்நாள்களில் பிள்ளைக்குக் கேட்கும் திறன் குறையும். அழைத்தும் திரும்பாத பிள்ளையைக் கடிவதற்கு முன், அவன் செவியைக் காட்டி விசாரியுங்கள்.

அப்பிள்ளை இப்போது முன்வரிசையில் அமர்ந்து ஓதுகிறான், அல்ஹம்துலில்லாஹ். அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். நம் பிள்ளைகளின் செவிகளை அல்லாஹ் பாதுகாப்பானாக. விசாரியாமல் தீர்ப்புச் சொல்வதிலிருந்து நம் நாவுகளையும் காப்பானாக. ஆமீன்.