குருதியைச் சுவைக்கும் அரிசிமணி

கழுத்தின் இரு புறமும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், அரிசிமணி அளவேயான ஓர் உறுப்பு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று அறிஞர்கள் அதைக் கண்டிருந்தனர். நரம்பு முடிச்சு என்றனர் சிலர். சுரப்பி என்றனர் வேறு சிலர். அதன் பணி இன்னது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை.

விடையை முதலில் கண்டவர் மாட்ரிட் நகரத்து ஃபெர்னாண்டோ தெ காஸ்ட்ரோ. நரம்பியலின் பேராசான் சந்தியாகோ ரமோன் இ கஹாலின் மாணவர். நுண்ணோக்கியின்கீழ் அவ்வுறுப்பின் நரம்பிழைகளைப் பின்தொடர்ந்த அவர், அவை மூளையின் கட்டளையைக் கொண்டுவருபவை அல்ல, மூளைக்குச் செய்தி கொண்டுசெல்பவை என்று கண்டார். குருதியின் வேதி மாற்றங்களைச் சுவைத்தறியும் புலனுறுப்பு இது என்று 1928இல் எழுதினார். வடிவத்தைக் கண்டே செயலை உணர்ந்த கூர்மை அது.

அதைச் சோதனையில் மெய்ப்பித்தவர் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக் கோர்னெய் ஹைமன்ஸ். குருதியில் உயிர்வளியாகிய ஆக்சிஜன் குறைந்தால் அவ்வுறுப்பு மூச்சை விரைவுபடுத்துகிறது என்று அவர் நிறுவினார். 1938ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு, 1939இல், அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. தெ காஸ்ட்ரோவின் நாடோ 1936 முதல் 1939 வரை உள்நாட்டுப் போரில் எரிந்தது; மாட்ரிட் முற்றுகைக்குள் கிடந்தது. போர் இல்லாதிருந்தால் அம்மேடையில் இருவர் நின்றிருப்பார்களோ என்ற எண்ணம் எழாமல் இல்லை.

தெ காஸ்ட்ரோ 1967இல் மறைந்தார். 1969இல் பெரு நாட்டின் ஹவியேர் அரியாஸ்-ஸ்டெயா ஒன்றை அறிவித்தார்: உயிர்வளி அருகிய ஆண்டிஸ் மலையுச்சிகளில் வாழ்வோருக்கு இவ்வுறுப்பு கடலோர மக்களுக்கு இருப்பதைவிடப் பெரிது. இம்முறையும் வடிவமே முதலில் பேசியது.

மூலக்கூறுகள் பேசப் பின்னும் காலமாயிற்று. 1988இல் ஸ்பெயினின் செவில் நகரத்து ஹோசே லோபெஸ்-பார்னியோ குழுவினர், உயிர்வளி குறைந்ததும் இவ்வுறுப்பின் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் அடைபடுவதைக் கண்டனர். அதனால் செல் தூண்டப்பட்டு, நொடிகளில் மூளைக்குச் செய்தி போகிறது.

நாள்கணக்கில் நிகழும் தகவமைப்பு வேறு. செல்களில் ஹிஃப் என்னும் புரதம் ஓயாமல் உருவாகிறது. உயிர்வளி இருக்கும்வரை நொதிகள் அதற்கு அடையாளமிட்டு அழிவுக்கு அனுப்புகின்றன. உயிர்வளி குறைந்தால் அடையாளமிடுதல் தடைபடும். தப்பிய புரதம் மரபணுக்களை எழுப்பும். இதைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புரதக் குடும்பத்தின் இரண்டாம் வகையே இவ்வுறுப்பைப் பெருக்கச் செய்கிறது என்று 2016இல் எலிகளில் காட்டப்பட்டது.

பரிசுப் பட்டியலில் தெ காஸ்ட்ரோவின் பெயர் இல்லை. ஆயினும் இந்த வழி முழுவதும் அவர் நுண்ணோக்கியிலிருந்தே தொடங்குகிறது.