உறையூர் அரண்மனை எங்கே போயிற்று?

ஸ்ரீரங்கத்தில் ஏழு சுற்று மதில்கள் நிற்கின்றன. காவிரிக்கு இந்தப் பக்கம் உறையூரில், சோழர் அரண்மனைச் சுவர் என்று காட்ட ஒன்றும் இல்லை. கோயிலைக் கல்லால் கட்டினார்கள், நிலைத்தது. அரண்மனையை மண்ணாலும் செங்கல்லாலும் கட்டினார்கள், அழிந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். இது பாதி உண்மைதான். செங்கல் ஒரு காலத்தில் தெய்வத்துக்கும் மன்னனுக்கும் பொதுவாக இருந்தது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமையோடு பொறித்திருக்கிறான். அதற்கு முன் கோயில்கள் எவற்றால் ஆனவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய பிறகும் அரண்மனைகள் பழைய முறையிலேயே எழுந்தன. வசதிக் குறைவு காரணமல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தில் வானளாவக் கல் விமானம் எழுப்பிய ராஜேந்திரன், தான் வாழச் செங்கல் மாளிகையே கட்டிக்கொண்டான். அங்குள்ள மாளிகைமேட்டில் 1980களில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், மரத்தூண் ஊன்றிய கருங்கல் பீடங்களும் வெளிப்பட்டன.

அப்படியானால் செங்கல்தானே குற்றவாளி என்று கேட்கலாம். 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தை எனப்பட்ட உறையூரையும் எரித்து, மாளிகைகளை இடித்து, கழுதை ஏர் பூட்டி உழுததாக அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. மரக்கூரை எளிதில் பற்றியிருக்கும், உண்மை. ஆனால் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடலொன்று இன்னொன்றும் சொல்கிறது: பட்டினப்பாலை என்ற பாட்டுக்குப் பரிசாகச் சோழன் கரிகாலன் கொடுத்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் சுந்தரபாண்டியன் இடிக்காமல் விட்டான். எது நிற்க வேண்டும் என்பதை வென்றவனின் மனமே முடிவு செய்தது. கல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்வதில்லை. 1323இல் தில்லிப் படையெடுப்பில் ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்டது. 1371இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் அரங்கனை மீண்டும் கொண்டுவந்து எழுந்தருளச் செய்தார். நிலமும் விளக்கும் எழுதிவைத்த குடும்பங்கள், பூசை முறைக்காரர்கள், ஆழ்வார் பாசுரம் ஓதுவோர் எனக் கோயிலுக்கு ஆயிரம் உரிமைக்காரர்கள் இருந்தார்கள். அரண்மனைக்கு உரிமைக்காரன் ஒருவனே. அவன் வீழ்ந்தால் செங்கல்லைப் பெயர்த்து வீடு கட்டத் தடையில்லை. நாயக்கர் காலச் செங்கல், சுண்ணாம்புக் கட்டடமான திருச்சி மலைக்கோட்டை தர்பார் மண்டபம் இன்றும் நிற்கக் காரணம், அடுத்தடுத்து வந்தவர்கள் அதைப் பயன்படுத்தியதுதான். இப்போது அங்கே அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது.

உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும், ரூலெட் வகை மண்பாண்டங்களும், சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கல் தொட்டியும் கிடைத்தன. பழைய நகரம் இன்றைய தெருக்களுக்கு அடியில்தான் கிடக்கிறது. அங்கே அடுக்குமாடிக்கு அடித்தளம் தோண்டும் ஒவ்வொரு முறையும் தொல்லியல் துறை ஒருமுறை வந்து பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.