கிறிஸ்துமஸ் விடுமுறையும் காங்கிரஸ் மாநாடுகளும்

இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28 அன்று பம்பாயில் கூடியது. அடுத்த ஆண்டு கல்கத்தாவிலும், 1887இல் சென்னையிலும் டிசம்பரின் இறுதி வாரத்திலேயே பிரதிநிதிகள் ஒன்றுகூடினர். 1907இல் காங்கிரஸைப் பிளவுபடுத்திய சூரத் மாநாடும், 1924இல் காந்தி தலைமையேற்ற பெல்காம் மாநாடும் இதே வாரத்தில்தான் நடைபெற்றன. 1929 வரை நீடித்த இந்த ஒழுங்கு தற்செயலானதன்று.

இதன் விடை காலனிய அரசின் விடுமுறைப் பட்டியலில் உள்ளது. கிறிஸ்துமஸை ஒட்டி நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கல்லூரிகளும் மூடப்பட்டன. தொடக்ககாலக் காங்கிரஸில் வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பத்திரிகையாளர்கள் ஆகியோரே செல்வாக்குடன் விளங்கினர். முதல் மாநாட்டின் தலைவர் உமேஷ் சந்திர பானர்ஜி, கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர். வழக்கு நடக்கும் நாள்களில் அத்தகையோர் தொலைதூரம் பயணம் செய்வது அரிது. 1870வாக்கில் பம்பாயும் கல்கத்தாவும் இருப்புப்பாதையால் இணைந்துவிட்டன. பயணத்துக்கு வழி இருந்தது, வேண்டியது ஓய்வு நாள்களே. ஹியூம் முதலில் வகுத்த திட்டம் 1885 டிசம்பர் 25 முதல் 31 வரை புனேயில் கூடுவதாகும். அங்கே காலரா பரவியதால் இடம் பம்பாய்க்கு மாறியது, வாரம் மாறவில்லை.

காங்கிரஸ் மட்டும் இவ்வாறு கூடவில்லை. 1886இல் தொடங்கிய முகமதியக் கல்வி மாநாடும் டிசம்பர் இறுதியையே பெரிதும் நாடியது. 1906இல் டாக்காவில் அம்மாநாட்டுக்கு வந்திருந்தவர்கள் டிசம்பர் 30 அன்று முஸ்லிம் லீகை நிறுவினர். ஆட்சியாளரின் சமயத் திருநாள், ஆளப்பட்டோரின் அரசியல் பருவமாக மாறியது இவ்வாறுதான்.

ஆனால் இந்நாள்காட்டிக்கு ஒரு விலை இருந்தது. நீதிமன்ற விடுமுறை வழக்கறிஞருக்கு ஓய்வு. உழவருக்கோ அதனால் பயன் ஏதுமில்லை. வங்காளத்தில் அது ஆமன் நெல்லின் அறுவடைக் காலம். ஆண்டுக்கொருமுறை மூன்று நாள் கூடிக் கலையும் வேடிக்கை என்று காங்கிரஸைக் குறைகூறியோர் சுட்டியதும் இந்த வரம்பையே. விடுமுறை உள்ளவர்களின் ஓய்வு நேரத்துக்குள் அரசியல் அடங்கியிருந்தது.

மாற்றம் 1929 டிசம்பரில், கடுங்குளிரில், ராவி நதிக்கரையில் கூடிய லாகூர் மாநாட்டில் வந்தது. முழு விடுதலையே இலக்கு என அறிவித்த மாநாடு என்றே அது நினைவுகூரப்படுகிறது. அதே மாநாடு நிறைவேற்றிய மற்றொரு தீர்மானம் அதிகம் பேசப்படுவதில்லை. காங்கிரஸ் ஏழை மக்களின் அமைப்பாக இருக்க விரும்புகிறது. டிசம்பர் இறுதியில் கூடினால் கூடுதல் குளிராடைக்கு அவர்கள் செலவிட நேர்கிறது. ஆகவே மாநாட்டைப் பிப்ரவரி அல்லது மார்ச்சுக்கு மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கேற்ப அடுத்த மாநாடு 1931 மார்ச்சில் கராச்சியில் கூடியது. தொழிலாளர், உழவர் ஆகியோரின் பொருளாதார உரிமைகளைப் பேசிய அடிப்படை உரிமைகள் தீர்மானம் அங்குதான் நிறைவேறியது. தேதி மாறியதால் தீர்மானம் பிறந்தது என்று கூற இயலாது. ஆயினும் யாருக்காகக் கூடுகிறோம் என்ற ஒரே கேள்வியின் இரு விடைகளாக அவற்றைக் கொள்ளலாம். புதிய வழக்கமும் மாறாத விதியாகிவிடவில்லை: சிற்றூர் ஒன்றில் முதன்முதலாகக் கூடிய 1936 பைஸ்பூர் மாநாடு மீண்டும் டிசம்பர் இறுதியில்தான் நடந்தது.

லாகூரில் 1929 டிசம்பர் 31 நள்ளிரவில் கொடி ஏற்றப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1930 ஜனவரி 26 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அத்தேதியின் நினைவாகவே 1950இல் அரசியலமைப்பு அந்நாளில் நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கூடிய ஒரு மாநாட்டிலிருந்து ஒரு குடியரசின் விடுமுறை நாள் பிறந்தது.

இந்திய வரலாற்றுப் பேரவையின் ஆண்டு அமர்வுகள் இன்றும் பெரும்பாலும் டிசம்பர் இறுதியிலேயே நிகழ்கின்றன. கட்டுரை வாசிக்க ரயிலேறும் ஆய்வாளர், தாம் அறியாமலேயே 1885இன் வழக்கறிஞர்கள் வகுத்த நாள்காட்டியில் பயணம் செய்கிறார். அந்த வாரத்தில் வர இயலாதவர் யார் என்ற லாகூரின் கேள்வியும் அவருடன் பயணம் செய்ய வேண்டும்.