முட்டுக்கட்டை

ஆன்சைட்ல இருக்கிற நண்பன் ஒரு ட்ரெய்லர் வீடு வாங்கியிருக்கான். போன்ல ஒரு மணி நேரம் அதே பேச்சு. காருக்குப் பின்னாடி உருண்டையான ஹிட்ச், அது கழண்டாலும் வண்டி ஓடிடாம இருக்க அடியில பெருக்கல் குறி மாதிரி ரெண்டு சங்கிலி, ட்ரெய்லருக்குன்னு தனி பிரேக். "இழுக்கிறது ஈஸி மச்சி, நிறுத்துறதுதான் மேட்டர்"னான். "அடேய், நான் திருவண்ணாமலைக்காரன், எனக்கேவா?"ன்னு சிரிச்சேன்.

கார்த்திகை தீபத் திருவிழாவோட ஏழாம் நாள் எங்க ஊர்ல அஞ்சு தேர் ஓடும். அம்மன் தேரைப் பெண்கள் மட்டும் இழுப்பாங்க. சண்டிகேஸ்வரர் தேர் பொடிசுகளுக்கு. நானும் இழுத்திருக்கேன். "சக்கரத்துக்கிட்ட போகாதடா"ன்னு அப்பா கத்தினது இன்னும் காதுல இருக்கு.

அந்தப் பயத்துல நியாயம் இருக்கு. நண்பனோட ஹிட்ச் விறைப்பான இரும்பு. முன்வண்டி பிரேக் போட்டா பின்வண்டியையும் கொஞ்சம் தாங்கும். தேர் வடம் அப்படியில்ல. இழுக்கும், தடுக்காது. ஆயிரம் பேர் சேர்ந்து கிளப்பின தேரை அந்த ஆயிரம் பேராலயும் நிறுத்த முடியாது, ஏன்னா எல்லாரும் அதுக்கு முன்னாடி நிக்கிறாங்க. ஸ்டியரிங்கும் கிடையாது.

இந்த ரெண்டுக்கும் நம்மாளுங்க கண்டுபிடிச்ச ஒரே விடை முட்டுக்கட்டை. ஆப்பு மாதிரி சீவின மரக்கட்டை. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கொடுத்தா தேர் திரும்பும், ரெண்டு பக்கமும் கொடுத்தா நிக்கும். உருளுற சக்கரத்துக்கு முன்னாடி குனிஞ்சு அதை வைக்கிறவர் கை ஒரு நொடி பிந்தினா போச்சு.

திருவாரூர் ஆழித்தேர் கதை தெரிஞ்சிருக்கும். 1926-ல எரிஞ்சு, புதுசா செஞ்சு 1930-ல ஓடி, 1948-க்கு அப்புறம் நிலையிலேயே நின்னு, 1970-லதான் மறுபடி ஓடுச்சு. திருச்சி பெல் நிறுவனம் அதுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செஞ்சு கொடுத்தது. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர் வேலை போகல. 2024 நவம்பர்ல எங்க ஊர்ப் பெரிய தேரைப் பழுதுபார்த்து வெள்ளோட்டம் விட்டப்பவும் எல்லார் கண்ணும் சக்கரத்து மேலதான்.

வடம் பிடிச்சவனுக்குப் புண்ணியம்னு சொல்றோம். கட்டை போட்டவர் பேர் யாருக்கும் தெரியாது. அதைவிடக் கொடுமை, அந்தச் சொல்லையே திட்டா மாத்திட்டோம். ரிலீஸுக்கு முந்தின நாள் டெஸ்டர் பொண்ணு ஒரு பக் காட்டினப்போ "சும்மா முட்டுக்கட்டை போடாதீங்க"ன்னு நானே சொல்லியிருக்கேன்.

இனி சொல்ல மாட்டேன்.