மாதிரி வானூர்திக் கழகம்

மாதிரி வானூர்திக் கழகம் என்பது சிறிய அளவிலான வானூர்திகளைக் கட்டிப் பறக்கவிடுவதைப் பொழுதுபோக்காகவோ போட்டி விளையாட்டாகவோ கொண்டவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் அமைப்பு ஆகும். மாதிரி வானூர்தியை ஒருவர் தம் வீட்டில் தனியாகவே கட்டிவிடலாம். ஆனால் அதைப் பறக்கவிடத் திறந்த வெளியும், அருகில் நின்று வானத்தைக் கவனிக்க இன்னொருவரும், விபத்து நேர்ந்தால் பொறுப்பேற்கும் ஏற்பாடும் தேவை. இம்மூன்றையும் உறுப்பினர்களுக்கு அளிப்பதே கழகத்தின் முதன்மைப் பணியாகும்.

வரலாறு

மனிதர் பறப்பதற்கு முன்பே மாதிரிகள் பறந்துவிட்டன. பிரான்சு நாட்டைச் சேர்ந்த அல்போன்சு பெனோ 1871 இல் முறுக்கிய ரப்பர் பட்டையால் இயங்கும் மாதிரி ஒன்றைப் பாரிசில் பறக்கவிட்டார். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தொலைவு பறந்தது. வான்விளையாட்டுகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு (எஃப்.ஏ.ஐ.) 1905 இல் தொடங்கப்பட்டது. பிரித்தானியாவில் 1922 இலும், ஐக்கிய அமெரிக்காவில் 1936 இலும் மாதிரி வானூர்தியாளருக்கான தேசிய அமைப்புகள் தோன்றின. உள்ளூர்க் கழகங்கள் இத்தகைய தேசிய அமைப்புகளில் இணைந்து, பொதுவான பாதுகாப்பு விதிகளையும் காப்பீட்டையும் பெறும் முறை அந்நாடுகளில் வளர்ந்தது.

வகைகள்

எஃப்.ஏ.ஐ. தன் போட்டிகளுக்காக மாதிரிகளைப் பல வகைகளாகப் பிரித்துள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

* எஃப்1 – கட்டுப்பாடின்றித் தாமே பறப்பவை
* எஃப்2 – வட்டமாகப் பறக்கும் கம்பிக் கட்டுப்பாட்டு மாதிரிகள்
* எஃப்3 – வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிகள்
* எஃப்4 – உண்மையான வானூர்தியின் உருவை ஒத்த மாதிரிகள்
* எஃப்5 – மின்னோடியால் இயங்கும் வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரிகள்

அமைப்பும் நிருவாகமும்

தமிழ்நாட்டில் இத்தகைய கழகத்தை 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். இதற்குக் குறைந்தது 7 பேர் தேவை. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்குகளை ஒப்படைக்க வேண்டும். கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும், நில உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் பதிவு உதவுகிறது.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருடன் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருவரும் இருப்பது நன்று. காற்று, கூட்டம், மாதிரியின் நிலை ஆகியவற்றைக் கருதி அன்றைய பறத்தலை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். உறுப்பினர் கட்டணம் நிலவாடகை, புல்வெட்டல், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, காப்பீடு ஆகியவற்றுக்குச் செலவாகும்.

வானலைப் பங்கீடு

முற்காலத்தில் கழகங்கள் தேவைப்பட்டதற்கு வானலையும் ஒரு காரணமாகும். 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்கிய கருவிகளில் ஒரே தடத்தை இருவர் ஒருங்கே இயக்கினால் இரு மாதிரிகளும் கட்டுப்பாட்டை இழக்கும். ஆகவே களத்தில் ஒரு பலகை வைக்கப்பட்டது. தமக்குரிய தடத்தின் அடையாளக் கவ்வியைப் பலகையில் மாட்டியோ எடுத்தோ உரிமை பெற்றவரே கருவியை இயக்கலாம். 2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவியபின் இந்த இடர் பெரிதும் நீங்கியது. இந்தியாவில் இந்த அலைவரிசையைக் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 இல் விலக்கு அளிக்கப்பட்டது. வானலைக்காகக் கழகத்தை நாடும் தேவை குறைந்தாலும், களத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் நாடும் தேவை குறையவில்லை.

பாதுகாப்பு

மாதிரி வானூர்தி விளையாட்டுப் பொருள் போலத் தோன்றினாலும் அதன் தாக்கம் சிறிதன்று. 2 கிலோகிராம் எடையுள்ள மாதிரி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 400 ஜூல் ஆகும். இது 4 கிலோகிராம் கல் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. ஒருவரின் கவனக்குறைவால் பிறர் காயமடைவதோடு, எல்லா உறுப்பினர்களும் களத்தை இழக்கவும் நேரிடலாம். பொதுவாகப் பின்பற்றப்படும் நடைமுறைகள் பின்வருமாறு:

* இயக்குவோர் அனைவரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மாதிரிகள் அக்கோட்டுக்குப் பின்னால் பறக்கக் கூடாது.
* ஒவ்வொரு நாளும் முதற்பறப்புக்கு முன் வானொலித் தொடர்பின் எட்டும் தொலைவைச் சோதிக்க வேண்டும்.
* தொடர்பு அறுந்தால் பொறி தானாக நிற்குமாறு கருவியை அமைக்க வேண்டும்.
* பொறியை இயக்கும்போது சுழலிக்கு முன்னாலோ அதன் சுழல்தளத்திலோ எவரும் நிற்கக் கூடாது.
* முழு அளவு வானூர்தி அல்லது உலங்கு வானூர்தி தென்பட்டால் மாதிரியை உடனே தாழ்த்தித் தரையிறக்க வேண்டும்.
* லித்தியம் பாலிமர் மின்கலத்தை ஆளின்றி மின்னேற்றக் கூடாது. அதன் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் தீப்பற்றும் இடர் உண்டு.

பயிற்சி

புதியவருக்கு இறக்கை மேற்புறம் அமைந்த, மெதுவாகப் பறக்கும் மாதிரியே ஏற்றது. இவ்வகை மாதிரி சாய்ந்தாலும் தானே சமநிலைக்குத் திரும்பும் இயல்புடையது. பயிற்றுநரின் கருவியும் மாணவரின் கருவியும் இணைக்கப்படுகின்றன. பயிற்றுநர் ஒரு விசையை அழுத்தியிருக்கும் வரை மாணவர் இயக்குவார். விட்டவுடன் கட்டுப்பாடு பயிற்றுநரிடம் திரும்பும். மாதிரி தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றுவதே தொடக்கநிலையினர் பெரிதும் தடுமாறும் இடமாகும்.

இந்தியச் சட்டநிலை

இந்தியாவில் 2021 ஆகத்து 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள் மாதிரி வானூர்திகளுக்கும் பொருந்துவன. கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்பார்வைக்கு உட்பட்டு இயக்கப்படும், 25 கிலோகிராமுக்கு மேற்படாத மாதிரிகளை இவ்விதிகள் தனியே வரையறுத்தன. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. எனினும் தனி அடையாள எண் பெறுவது பொதுவிதியாகும். வணிக நோக்கமின்றி 2 கிலோகிராம் வரையுள்ளவற்றை இயக்குவோருக்கு இயக்குநர் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டையும் விதிகள் கோருகின்றன.

வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டியதில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் இவ்வுயரம் 200 அடியாகக் குறைகிறது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் மாதிரி வானூர்திக் கலை பெரிதும் கல்வி நிறுவனங்கள் வழியே வளர்ந்தது. தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி வானூர்தி கட்டுதல் பயிற்சியின் ஒரு பகுதியாகும். குரோம்பேட்டையில் 1949 இல் தொடங்கப்பட்ட சென்னை தொழில்நுட்ப நிறுவனத்தின் 'தக்சா' மாணவர் குழு ஆளில்லா வானூர்திகளை வடிவமைத்து, 2018 இல் ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. கல்லூரியை விட்டு வெளியேறியபின் பறக்கவிட இடமின்றிப் பலர் இக்கலையைக் கைவிட நேரிடுவதால், ஊர்ப்புறங்களில் கழகம் அமைவது முதன்மை பெறுகிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும். காஞ்சிபுரத்துக்குத் தெற்கே செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் போன்ற ஊர்களைச் சுற்றி அறுவடை முடிந்த வயல்களும் கோடையில் வற்றும் ஏரிகளும் உள்ளன. வயலுக்கு உரிமையாளரின் இசைவும், ஏரிப் புறம்போக்குக்கு அரசின் அனுமதியும் தேவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்விடங்கள் பயன்படா. கோடையில் நண்பகல் வெப்பக்காற்று மாதிரியை அலைக்கழிப்பதால் காலைப்பொழுதே ஏற்றது. மின்கம்பிகள், மேய்ச்சல் மாடுகள், மாதிரியைத் தாக்க வரும் பருந்துகள் ஆகியவற்றையும் கருதவேண்டும். கோயில் திருவிழாக் கூட்டத்தின் மேல் பறக்கவிடுதல் அறவே கூடாது.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு இம்மாவட்டத்தின் பரந்தூர் 2022 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நிலையம் இயங்கத் தொடங்கும்போது, மேற்கூறிய தொலைவுக் கட்டுப்பாடுகள் அதன் சுற்றுப்புறத்துக்கும் பொருந்தும். எனவே இப்பகுதியில் நிலையான களத்தைத் தேடும் கழகம் இதனையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* வானூர்தி
* ஆளில்லா வானூர்தி
* பட்டம்
* தேசிய மாணவர் படை