யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாதவிலக்குத் துணி: ஒரு சமூக வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து மக்களின் உணவு, உடை, அணிகலன், வழிபாடு, சடங்கு என்பன பற்றி நம்மிடையே பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. கோயிற் திருவிழாவிற் கட்டும் பட்டுப் பற்றியும் மணவறையிற் கொடுக்கும் கூறைச்சேலை பற்றியும் எழுதியிருக்கின்றோம். ஆயின் குடாநாட்டுப் பெண்களுட் பெரும்பாலார் தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுக்கு மேலாக மாதந்தோறும் பயன்படுத்திய ஒரு துணி நமது பக்கங்களில் இடம்பெற்றதில்லை எனலாம். அத்துணியின் வரலாற்றைத் தொடங்கிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. முற்போக்கு அணியைச் சார்ந்த நாம் தீண்டாமை பற்றி நிறையவே எழுதியுள்ளோம். 1966 ஒக்டோபர் எழுச்சி, 1968இன் மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டம், பொதுக்கிணற்று உரிமை ஆகியன நம் விமரிசனத்தின் அடிப்படைப் பொருள்களாயின. கிணற்றில் அள்ள மறுக்கப்பட்ட நீரைப் பற்றி எழுதிய நாம், அந்நீர் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அப்பால் பெண்களுக்கு வேறு எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டோமில்லை. இது தற்செயலான மறதியன்று. நமது சிந்தனையினுள்ளேயே எஞ்சியிருக்கும் ஆணாதிக்கத்தின் விளைவு.

மாதவிலக்கு இயற்கையானது. அந்நாள்களில் ஒரு பெண் படும் இடர், கூச்சம், எரிவு, அச்சம் என்பனவற்றை முழுவதும் இயற்கையின்மேல் ஏற்றிவிட இயலாது. கையிலுள்ள துணி எத்தகையது, அதைத் தோய்க்க நீர் உண்டா, தோய்ப்பவர் யார், உலர்த்த இடம் எங்கே, புதியது வாங்கப் பணம் உண்டா என்னும் வினாக்களே அவ்விடரின் அளவைத் தீர்மானித்து வந்துள்ளன. இவை சமூகம் சார்ந்த வினாக்கள். ஆதலின் வரலாறு சார்ந்த வினாக்கள்.

விலக்கும் இலக்கியமும்

மாதவிலக்குற்ற பெண்ணைத் தெய்வத்தினின்றும் பாண்டங்களினின்றும் விலக்கிவைக்கும் வழக்கம் தமிழரிடையே மிகப் பழையது. பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடலில், செல்வனொருவனின் குதிரைகள் போர்க்களத்தில் ஒதுங்கி நிற்பதற்கு, முருகன் கோட்டத்தில் பாண்டங்களைத் தொடாது நிற்கும் பெண்கள் உவமையாகின்றனர். தொல்காப்பியக் கற்பியலோ பூப்பிற்குப் பின்வரும் பன்னிரு நாள்களைக் கணவன் பிரிந்திருத்தலாகாத காலமாக வகுக்கின்றது. முதலாவது தீட்டு நோக்கு. இரண்டாவது மகப்பேற்று நோக்கு. இவ்விரண்டுக்கும் இடையில் அப்பெண் எதனை உடுத்தாள், எவ்வாறு தன் உடலைப் பேணினாள் என்பது பற்றிய செய்தி இல்லை. விதியை இலக்கியம் பதிவுசெய்தது. துணியைத் தோய்த்த கைகளை அது பதிவுசெய்யவில்லை.

துடக்கும் குடிமையும்

யாழ்ப்பாணத்தில் தீட்டினைக் குறிக்கும் வழக்குச் சொல் 'துடக்கு' என்பது. பிறப்பு, இறப்பு, பூப்பு, மாதவிலக்கு ஆகிய அனைத்தும் துடக்கினுள் அடங்கும். துடக்கைக் கழித்தல் தனிமனிதர் தாமாகச் செய்துகொள்ளும் கருமமாக அமையவில்லை. நிலவுடைமைச் சாதியினருக்கு ஊழியஞ் செய்யக் கட்டுப்பட்ட குடிமை முறையில், துடக்கு நீக்குதல் சில சாதியினர்மீது சுமத்தப்பட்ட உழைப்பாயிற்று. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் அவள் உடுத்திருந்த உடையைக் கட்டாடிப் பெண் எடுத்துச் செல்வாள். சாமத்தியச் சடங்கிற்கும் பிள்ளைப்பேற்றிற்கும் மரண வீட்டிற்கும் 'மாற்று' எனப்படும் வெளுத்த துணியைக் கொண்டு வருவோரும் வண்ணாரே. வண்ணார் துணி வெளுக்க மறுத்த பஞ்சமர் சாதியினருக்கெனத் துரும்பர் என்னும் மற்றொரு சாதியினர் இருந்தனர். அவர்கள் அப்படிநிலையின் அடியில் வைக்கப்பட்டனர்.

இங்கு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. உயர்சாதிப் பெண் மாதத்தில் மூன்று நாள்கள் தன் வீட்டிலேயே தீண்டத்தகாதவளாகின்றாள். அடுக்களை, பூசையறை, கோயில் ஆகியவை அவளுக்கு அடைக்கப்படுகின்றன. நான்காம் நாள் முழுகியதும் அவள் மீண்டும் உயர்சாதியினள் ஆகிவிடுகின்றாள். அவளது துடக்கைச் சுமந்து சென்ற வண்ணாரப் பெண்ணோ எத்தனை முறை முழுகினும் தாழ்ந்தவளாகவே இருக்கின்றாள். ஒரே கருத்தியல் ஒருத்தியைத் தற்காலிகமாகவும் மற்றொருத்தியை நிரந்தரமாகவும் விலக்கிவைத்தது. சாதி ஒடுக்குமுறையையும் பெண் ஒடுக்குமுறையையும் வெவ்வேறாக ஆராயும் வழக்கத்துக்கு இத்துணியே தக்க மறுப்பாகும்.

உள்ளே வைத்த பழந்துணியைப் பொறுத்தவரை ஒவ்வொரு பெண்ணும் தானே, பிறர் காணாதவாறு, தோய்க்க வேண்டியவளானாள். பழைய பருத்திச் சேலையையோ வேட்டியையோ கிழித்து மடித்து, இடுப்பிற் கட்டிய நாடாவில் செருகிக்கொள்வதே வழக்கம். நெடுநாள் உடுத்து மென்மையான பருத்தி இதற்கு ஏற்றது. ஆயினும் பழைய சேலை கிழிப்பதற்குக் கூட, முதலில் சேலைகள் சில சொந்தமாக இருத்தல் வேண்டும். ஒரே சேலையைத் தோய்த்துத் தோய்த்து உடுத்த கூலிப்பெண்ணுக்கு அந்தப் பழந்துணியும் எளிதிற் கிட்டியிராது.

சுண்ணாம்பு நீர், கிடுகு வேலி

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கற்பாறையினடியில் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகின்றது. அந்நீர் வன்னீர், அதில் சவர்க்காரம் நன்கு நுரைப்பதில்லை. நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்துடன் சேர்ந்து படிந்து துணியின் இழைகளை விறைக்கச் செய்கின்றது. விறைத்த மடிப்பு தொடையிடுக்கில் உராய்ந்து தோலைப் புண்ணாக்கும். தீவகத்தின் பல பகுதிகளில் நீர் உவர்ப்பாதலின் இடர் மேலும் மிகும். மழை பெய்யாத மாதங்களில் கிணற்றின் அடியிற் கிடக்கும் நீரைப் பங்கிடும்போது முதலிற் குறைவது இத்தகைய தேவைக்கான நீரே என்பதை ஊகித்தல் கடினமன்று.

தோய்த்த துணிக்கு வெயில் சிறந்த மருந்து. ஆனால் மாதவிலக்குத் துணியை வெயிலிற் காயவிடுதல் வெட்கக்கேடெனக் கருதப்பட்டது. கிடுகு வேலியின் மறைவிலும் வேறு உடுப்புகளின் அடியிலும் அது ஈரம் முற்றாக உலராமல் மடிக்கப்பட்டது. அரைகுறையாக உலர்ந்த துணி தோற்படைக்கும் அரிப்புக்கும் இடமளிக்கும். துணி தீங்கானதென்று பின்னாளில் விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தன. துணியில் தீங்கில்லை, நிறைந்த நீரும் சவர்க்காரமும் வெயிலும் கிடைப்பின் அது எதற்கும் தாழ்ந்ததன்று. அதனைத் தீங்காக்கியது வெட்கமும் நீரின்மையுமே.

கிணறே மறுக்கப்பட்டோர் நிலை யாது? கே. டானியலின் 'தண்ணீர்' நாவல் நீருக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் பட்ட பாட்டினைப் பொருளாகக் கொண்டது. பிறர் அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியிற் காத்துநின்ற பெண், துணி தோய்க்க ஒரு வாளி கூடுதலாகக் கேட்டிருப்பாளா? 1957இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தையும் அதன்பின் எழுந்த போராட்டங்களையும் இக்கேள்வியுடன் மீண்டும் வாசித்தல் வேண்டும்.

பண்டமாகிய பஞ்சு

மாற்றம் இரு வழிகளில் வந்தது. ஒன்று கல்வி. அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையும், 1913இல் தொடங்கிய இராமநாதன் மகளிர் கல்லூரியும் பெண்பிள்ளைகளை வீட்டு மூலையிலிருந்து விடுதிக்குக் கொணர்ந்தன. மூன்று நாள் ஒதுக்கிவைத்தல் வகுப்பு நேரசூசியுடன் இசையாதது. 1898இல் இணுவிலிற் தொடங்கிய மக்லியொட் மகளிர் மருத்துவமனை போன்றவை பெண்ணுடலை மருத்துவத்தின் மொழியிற் பேசும் வாய்ப்பையும் தந்தன.

மற்றையது சந்தை. முதலாம் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுவதற்கென உருவாக்கப்பட்ட மரக்கூழ்ப் பஞ்சைத் தாதியர் தம் தேவைக்கும் பயன்படுத்தினர். போர் முடிந்தபின் எஞ்சிய சரக்கிற்குச் சந்தை தேடிய அமெரிக்க நிறுவனம் 1920இல் 'கோட்டெக்ஸ்' என்னும் அணையாடையை விற்கத் தொடங்கியது. பெண்ணின் தேவை பழையது. அதனைப் பண்டமாக்கியது மூலதனத்தின் தேவை. ஆயினும் அப்பண்டம் பெண்ணைக் கிணற்றடி ஒளிப்பிலிருந்து ஓரளவு விடுவித்ததையும் மறுத்தல் நேர்மையன்று. முதலாளித்துவத்தின் முற்போக்குக் கூறுகளை மார்க்ஸ் மறுத்தாரில்லை.

இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவியது. அது வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட யாழ்ப்பாண விவசாயிக்கு வாழ்வளித்த காலம். துணிக்குத் தட்டுப்பாடான காலமுமாகும். 1977இன் திறந்த பொருளாதாரம் நிலைமையைத் தலைகீழாக்கிற்று. மிளகாய் விலை வீழ்ந்தது. இறக்குமதிப் பண்டங்கள் கடைகளை நிறைத்தன. வாங்க இயன்றோர்க்கு அணையாடை வந்தது.

போரின் நாள்கள்

1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள்ளாயிற்று. எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. பனம்பழக் களியினால் உடுப்புத் தோய்த்த காலமது. சந்தை மறைந்தபோது பெண்கள் மீண்டும் பழந்துணிக்குத் திரும்பினர். அப்போது வெளுப்பதற்கு வேண்டிய நீரை இறைக்க மண்ணெண்ணெயும் இல்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தினூடாகத் தென்மராட்சிக்கு நடந்தனர். மழையிலும் நெரிசலிலும் அவ்விரவைக் கடந்தோருள் விலக்கு நாளில் இருந்த பெண்கள் எத்தனை ஆயிரம் என எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அப்பெயர்வைப் பற்றிய நமது போரிலக்கியத்தில் இக்கேள்விக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. போர்க்காயத்திற்கான பஞ்சு ஓரிடத்தில் அணையாடையாகியது. இன்னோரிடத்தில் போர் அந்த அணையாடையையே பறித்தது.

டம்பொன்னும் கன்னிமையும்

இக்காலத்தில் ஈழத்துப் பெண்கள் பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் புலம்பெயர்ந்தனர். அங்கு அவர்கள் எதிர்கொண்ட புதுப்பொருள் டம்பொன் எனப்படும் உட்செலுத்தும் பஞ்சுத் திரி. ஏர்ல் ஹாஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1931இல் விண்ணப்பித்து 1933இல் இதன் இக்கால வடிவத்திற்குக் காப்புரிமை பெற்றார். நீந்துவதற்கும் விளையாடுவதற்கும் உகந்ததாயினும், டம்பொன் நோகின்றது என்பது பல பெண்களின் அனுபவம். காரணங்கள் மறைபொருளல்ல. போதிய ஆழத்திற்குச் செல்லாத திரி, உணர்ச்சி மிக்க வாயிற்பகுதியில் அழுத்தும். அச்சத்தால் தசை இறுகினால் நுழைவதே துன்பமாகும். குருதிப்போக்கு குறைந்த நாளில் உறிஞ்சுதிறன் கூடியதை வைப்பின் உட்புறம் வறண்டு, எடுக்கும்போது எரியும். தேவைக்குப் போதுமானவற்றுள் மிகக் குறைந்த உறிஞ்சுதிறன் கொண்டதைத் தெரிதலும், நான்கு முதல் எட்டு மணி நேரத்துள் மாற்றுதலும் பரிந்துரைக்கப்படுகின்றன. தொடர்ந்து நோகுமாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும். பொறுத்துக்கொள்ளுதல் கற்பின் அடையாளமன்று.

இங்கும் இலாபவேட்கையின் நிழல் உண்டு. 1980இல் அமெரிக்காவில் டம்பொன் பயன்படுத்திய இளம்பெண்கள் பலர் நச்சு அதிர்ச்சி நோய்க்கு ஆளாயினர், சிலர் இறந்தனர். மிகை உறிஞ்சுதிறனைப் பெருமையாக விளம்பரப்படுத்திய 'ரிலை' என்னும் பண்டம் அவ்வாண்டு செப்டெம்பரில் சந்தையிலிருந்து மீட்கப்பட்டது.

நம்மவரிடையே டம்பொன் ஏற்கப்படாமைக்கு இந்நோயச்சம் காரணமன்று. மணமாகாத பெண்ணின் 'கன்னிச்சவ்வு' கிழியும் என்னும் அச்சமே காரணம். அச்சவ்வின் வடிவம் பெண்ணுக்குப் பெண் வேறுபடும். அதனைக் கொண்டு கன்னிமையை அறிய இயலாது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் கன்னிமைச் சோதனையை ஒழிக்குமாறு கோரின. சீதனச் சந்தையில் பெண்ணுடல் பேரம்பேசப்படும்வரை, அவ்வுடலின் உட்புறம்கூட அவளுக்குச் சொந்தமாகாது. டம்பொன் வேண்டாமென்பதற்கு அவளது உடல்நலம் காரணமாயின் அது தெரிவு. குடும்பத்தின் பேரம் காரணமாயின் அது உடைமை.

விலையும் வரியும்

இன்று குடாநாட்டின் எந்தச் சிறு கடையிலும் அணையாடை உண்டு. பத்திரிகைத் தாளிற் சுற்றிக் கொடுக்கப்படுகின்றது. ஆயின் வாங்குவோர் யார்? 2018 செப்டெம்பர் வரை இறக்குமதி அணையாடைமீது இலங்கை அரசு விதித்த வரிகளின் மொத்தச் சுமை 101.2 வீதம், பின் அது 62.6 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2019 சனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாச இலவச அணையாடை வாக்குறுதியளித்தபோது அவர் கேலிசெய்யப்பட்டார். 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைகள் ஏறின. 2024இல் கல்வி அமைச்சு மாணவியர் பலருக்கு 1,200 ரூபா பெறுமதியான பற்றுச்சீட்டு வழங்கியது. இது வரவேற்கத்தக்கது, எனினும் பாடசாலையை விட்டு விலகிய சிறுமியும் தோட்டத்திற் புல்லுப் பிடுங்கும் கூலிப்பெண்ணும் இதனுள் அடங்கார். தமிழ்நாட்டு அரசு 2011இல் அறிவித்த 'புதுயுகம்' திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களை நோக்கிச் சென்றது. ஸ்கொட்லாந்து 2020இல் இயற்றிய சட்டம் தேவைப்படும் எவர்க்கும் இலவசம் என்னும் கொள்கையை நிறுவியது.

மீளப் பயன்படுத்தும் பருத்தித் துணியும் சிலிக்கன் கிண்ணமும் செலவு குறைந்த வழிகளாக இன்று முன்வைக்கப்படுகின்றன. நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அவையிரண்டும் நீரைக் கேட்பன. கதவு தாழிடக்கூடிய ஓர் அறையைக் கேட்பன. பொதுக் கழிவறையில் வாளியும் பூட்டும் இல்லாத ஊரில் அவற்றைப் பரிந்துரைத்தல், கிணறு மறுக்கப்பட்டவளிடம் துணியைத் துப்புரவாக வைத்திரு என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எனவே, எந்தப் பொருள் சிறந்தது என்னும் வினாவுக்குப் பொதுவிடை இல்லை. துணியோ அணையாடையோ டம்பொன்னோ கிண்ணமோ, தன் உடலுக்கு ஏற்றதை அச்சமின்றித் தெரிந்துகொள்ளும் நிலையே வேண்டப்படுவது. அந்நிலைக்கு நீரும் வருமானமும் அறிவும் வெட்கமின்மையும் முன்நிபந்தனைகள். மாவிட்டபுரத்தின் வாசலில் நின்றோர் கேட்ட உரிமையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. அன்று நாம் அவர்களுடன் நின்றோம் எனப் பெருமை கொள்கின்றோம். அப்போராட்டத்தின் மறுபாதி நம் வீடுகளின் கிணற்றடியிலேயே கிடக்கின்றது. அதனை எழுதாத சமூக வரலாறு, எத்துணை முற்போக்கானதாயினும், பாதி வரலாறேயாகும்.